தட்டிவிட்டுப் போனவர்களின் கணக்கு

“இன்னும் 3 முயற்சிகள் மீதம்.” வீட்டு ஃபயர்வால் கணினியின் எஸ்எஸ்டி சாகத் தொடங்கும்போது திரையில் ஓடும் செய்திகளில் இந்த ஒரு வரிக்கு மட்டும் ஒரு மரியாதை உண்டு. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் வட்டின் ஏதோ ஒரு மூலையில் இருப்பதைப் படித்துச் சொல் என்று கேட்கிறது. வட்டு முடியாது என்கிறது. சரி, இன்னொரு தரம் கேட்போம் என்று 3, 2, 1 என இறங்கி வருகிறது. 0 ஆனதும் முயற்சிகள் தீர்ந்தன என்று எழுதிவிட்டு, கோபமோ வருத்தமோ இல்லாமல் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே நடந்துகொண்டிருக்கும். ஒரு அறையில் அலுவலகக் கூட்டம், இன்னொரு அறையில் கிரிக்கெட். எவருக்கும் ஒன்றும் தெரியாது. காரணம் எளியது. யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்ற விதிகளைக் கணினி எழுந்திருக்கும்போதே வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதன்பின் வட்டின் தயவு அதற்கு அதிகம் வேண்டியதில்லை. வட்டு செத்தே போனாலும் கணினி வாரக்கணக்கில் நடமாடக்கூடும். பெட்டி ஒருமுறை அணைந்து எழவேண்டி வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பெங்களூரில் அந்த நாளுக்கு அதிகம் காத்திருக்கத் தேவையில்லை. ஏப்ரல், மே மாதச் சாயங்காலங்களில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் சாலையோரத்துப் பெரிய மரம் ஒன்று கம்பியின் மேல் சாயும், பேட்டை இருட்டாகும். சிவனசமுத்திரத்து நீர்மின்சாரத்தில் 1905ஆம் ஆண்டே தெருவிளக்கு எரிந்த ஊர் இது. பெருமைக்குக் குறைவில்லை. இன்வெர்ட்டர் இல்லாத வீடும் அநேகமாக இல்லை. ஆனால் அந்த இன்வெர்ட்டரின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது சாதாரண நிலையில் இருந்தால் மின்சாரம் கைமாறும் இமைப்பொழுதில் விசிறியும் விளக்கும் தாக்குப்பிடிக்கும், கணினி பிடிக்காது. யுபிஎஸ் நிலைக்குத் தள்ளிவைத்தால் எல்லாமே பிழைக்கும். அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் சிலரே.

அல்சூரில் நண்பர் ஒருவர் வீட்டில் நடந்தது இதுதான். உள்ளங்கையகலத்தில், விசிறியில்லாத ஒரு கறுப்புப் பெட்டி, நான்கு நெட்வொர்க் துளைகள், உள்ளே ஃப்ரீபிஎஸ்டி மேல் ஓடும் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள். வீட்டிலிருந்தே வேலை என்று ஆன 2020க்குப் பின் இந்த ஊரில் இப்படிப்பட்ட பெட்டிகள் வைத்த வீடுகள் பல. மென்பொருள்காரர்களின் வீட்டுத்தோட்டம் என்று நான் கேலி செய்வதுண்டு. மழை இரவில் மின்சாரம் போய் வந்தது, பெட்டி எழுந்தது, ஆனால் எழுந்த தோரணை சரியில்லை. நண்பர் திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பி, “வாங்களேன், ஒரு தடவை பாத்துடலாம்” என்றார்.

இந்த இடத்தில் மருத்துவம் தெரிந்தவர்கள் முதலில் செய்வது நோயைத் தேடுவதில்லை. அமைப்புகள் எல்லாம் அடங்கிய ஒரே ஒரு கோப்பை, கான்ஃபிக் எக்ஸ்எம்எல் என்பார்கள், வேறொரு கணினிக்கு இறக்கிவைத்துக்கொள்வது. முழுதாகச் சோதிக்கும் பரீட்சையிலேயே வட்டு கண்ணை மூடிவிடலாம். ஒரு வீட்டுக்கு அந்தக் கோப்பின் அளவு சில நூறு கேபிதான். கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. இந்தச் சிறுமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அப்புறம்தான் விசாரணை. பிழைச் செய்தியில் இரண்டு விதம் உண்டு. ஐசிஆர்சி என்று இருந்தால் வட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் நடுவே வரும் வழியில் கோளாறு. கேபிளை மாற்றினால், சில நேரம் வெறுமனே பிடுங்கி மறுபடி அழுத்திச் செருகினாலே, தீர்ந்துவிடும். யுஎன்சி என்று இருந்தால் வழியில் குற்றமில்லை. வட்டுக்குள் வைத்த பொருளே அழிந்துவிட்டது, திருத்திப் படிக்கவும் இயலவில்லை. வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையும் இதையே வேறு எண்களில் சொல்லும். 199ஆம் எண்ணுக்கு எதிரே உள்ள கணக்கு ஏறினால் கேபிள். 5, 187, 197 ஏறினால் சரக்கு கெட்டுவிட்டது. இதில் 199இன் கணக்கு ஏறுமே தவிர இறங்காது. கேபிளை மாற்றியபின்னும் பழைய எண் அப்படியே நிற்பதைப் பார்த்து பயந்துபோய் நல்ல வட்டைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. எண் எவ்வளவு என்பதைவிட, நேற்றைக்கு இன்று நகர்ந்ததா என்பதே கேள்வி.

நண்பரின் பெட்டியில் கேபிளே இல்லை. வட்டு நேரடியாகப் பலகையில் செருகியது. வந்தது யுஎன்சி.

எஸ்எஸ்டி வட்டின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் அந்தச் செய்தியின் கனம் புரியும். தோஷிபாவில் இருந்த ஃபூஜியோ மசுவோகா 1984இல் ஃப்ளாஷ் நினைவகத்தையும், 1987இல் இன்று அநேகமாக எல்லா எஸ்எஸ்டிக்குள்ளும் இருக்கும் நேண்ட் வகையையும் உலகுக்குக் காட்டினார். மின்கடத்தாச் சுவர் எழுப்பிய சிறு அறைக்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைப்பதே அதன் வித்தை. அடைக்கவும் வெளியேற்றவும் அவற்றை அந்தச் சுவரின் ஊடாகவே அழுத்தித் தள்ளவேண்டும். ஒவ்வொரு தள்ளலிலும் சுவர் கொஞ்சம் நைந்துபோகும். ஒரு அறையில் ஒரு பிட் வைத்த காலத்தில் லட்சம் முறை தாங்கியது. இன்று மூன்று பிட்டை நெருக்கி வைக்கிறோம், எட்டு மட்டங்களைப் பிரித்தறியவேண்டும். ஆயிரம் அல்லது சில ஆயிரம் முறைதான் தாங்கும்.

ஆனால் இந்தத் தேய்மானம் நம் கண்ணில் படுவதில்லை. வட்டுக்குள் இருக்கும் சின்னச் செயலி அதைப் படவிடாது. ஒரே இடத்தில் எழுதச் சொன்னாலும் இடம் மாற்றி மாற்றி எழுதும். பிசகிய பிட்டுகளைக் கணக்குப் போட்டுத் திருத்தித் தரும். கெட்ட இடத்தை மூடி, ஒதுக்கிவைத்த உபரி இடத்தைத் திறக்கும். இந்தச் சாமர்த்தியத்தை எழுதும் பொறியாளர்களில் கணிசமானோர் பெங்களூரிலேயே இருக்கிறார்கள். சாம்சங், சாண்டிஸ்க் போன்ற நிறுவனங்களுக்கு இங்கே வடிவமைப்பு மையங்கள் உண்டு. நண்பரின் வட்டு இத்தனை நாள் அடக்கிவாசித்ததற்குக் காரணமானவர் நான் போன அன்று வெளிவட்டச் சாலை நெரிசலில் எனக்கு முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவராகவே இருக்கலாம்.

ஆகவே திரையில் வரும் முதல் பிழை, வட்டின் முதல் பிழை ஆகாது. எத்தனையோ பிழைகளைத் தனக்குள்ளேயே தீர்த்துவிட்டு, இனி முடியாது என்றபின் வாய் திறந்த முதல் வார்த்தை அது. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்கள் இருவரும் 6 ஆண்டு விவரங்களை அலசி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ரகத்தைப் பொறுத்து 20 முதல் 63 சதவீத வட்டுகள் முதல் 4 ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது இப்படித் திருத்தமுடியாத பிழையைச் சொல்லிவிட்டன. மின்வெட்டின் கதையும் அப்படியே. 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 15 எஸ்எஸ்டிகளை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தார்கள். 13 வட்டுகள் ஏதோ ஒரு வகையில் தடுமாறின. விலை கூடிய வட்டுகளில் கையிலிருந்த வேலையை முடித்துப் படுக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்கள் இருக்கும். வீட்டுக்கு வாங்குவதில் பெரும்பாலும் இருக்காது.

மின்வெட்டு கடைசி உதை. அதற்கு முன்பே அந்த வட்டை நையவைத்தது எது?

பெட்டியோடு வந்தது 32 ஜிபி வட்டு. ஆயிரம் முறை தாங்கும் என்று வைத்தால் மொத்தம் 32 டிபி எழுதலாம். கேட்க நிறையத்தான் தெரிகிறது. ஆனால் 200 பைட் உள்ள ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னால் வட்டு 200 பைட்டை மட்டும் எழுதமுடியாது. 8 அல்லது 16 கேபி உள்ள ஒரு பக்கமாகத்தான் எழுதும். பழையதை அழிக்கப் பல எம்பி உள்ள கட்டை மொத்தமாகக் காலிசெய்யவேண்டும். அதற்குள் பிழைத்திருப்பதை வேறிடத்துக்குக் கடத்தவேண்டும். இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் 5 நொடிக்கு ஒருதரம் சேர்ந்ததை வட்டில் இறக்குவது வழக்கம். விடாமல் ஏதாவது வந்துகொண்டிருந்தால் நாளுக்கு 17,280 தடவை. நாம் எழுதச் சொன்னது ஒன்று என்றால் வட்டுக்குள் எழுதப்படுவது நான்கு என்று வைத்துக்கொண்டால், 32 டிபி 8 டிபி ஆகிவிடுகிறது. நண்பரின் பெட்டி எழுதியதுபோல நாளுக்கு 20 ஜிபி என்றால் 400 நாள்.

எஸ்.பி. ரோட்டில் புது வட்டு வாங்கப் போனபோது கடைக்காரர் இதைக் கணக்கே இல்லாமல் சொன்னார். நண்பர், “ஃபயர்வாலுக்குத்தான், 64 போதும்” என்றார். “64 எல்லாம் வேணாம் சார். 256 எடுத்துக்குங்க.”

“அவ்வளவு இடத்துல எதை வைக்கிறது?”

“வைக்கிறதுக்கு இல்ல சார். தேயறதுக்கு.”

சரியான பேச்சு. எட்டு மடங்கு இடம் என்றால் தேய்மானமும் எட்டு மடங்கு பரப்பில் பகிர்ந்துபோகும். அதே 20 ஜிபி கணக்கில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டு ஓடும். நண்பர் வாங்கிவிட்டார். வட்டை மாற்றி, மென்பொருளை நிறுவி, இறக்கிவைத்த கோப்பை ஏற்றியதும் வீடு பழையபடி நடந்தது. பலரும் அதோடு கடையைக் கட்டிவிடுவார்கள். எனக்கு அந்த 20 ஜிபி உறுத்தியது. அப்படி என்னதான் எழுதிக்கொண்டிருந்தது?

ஃபயர்வாலின் குறிப்பேட்டைத் திறந்தோம். தடுத்தேன், தடுத்தேன், தடுத்தேன். வெளியிலிருந்து 23ஆம் வாசலை, அதாவது போர்ட்டை, தட்டியவன், 22ஐத் தட்டியவன், 3389ஐத் தட்டியவன். தேதி, நொடி, எங்கிருந்து, எந்தக் கதவு, எத்தனை பைட். அதன் மேல், வரும் போகும் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்கும் சுரிகாட்டா என்ற மென்பொருள் வேறு. அதன் எல்லா விதிகளையும் நண்பர் இயக்கிவைத்திருந்தார், அதுவும் பக்கம் பக்கமாகப் பொழிந்திருந்தது. அழைக்காமல் வெளியிலிருந்து வரும் எதையும் தடுப்பதும், தடுத்ததைக் குறித்துவைப்பதும் இந்த மென்பொருட்களின் பிறவிக் குணம். யாரும் மாற்றாதவரை அப்படித்தான்.

தட்டியவர்கள் யாரும் நண்பரைத் தேடி வந்தவர்களில்லை. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் எழுதிய இசட்மேப் என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும், சுமார் 430 கோடி, 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். ஆராய்ச்சிக்காரன் தட்டுகிறான், திருடன் தட்டுகிறான், திருடன் பிடித்துவைத்த யாரோ ஒருவர் வீட்டுக் கேமரா தட்டுகிறது. அல்சூர் என்று அதற்குத் தெரியாது.

இந்த ஊர் அடுக்குமாடிகளின் வாசலில் காவலாளியிடம் நீளமான நோட்டு ஒன்று இருக்கும். பெயர், ஃபிளாட் எண், வண்டி எண், வந்த நேரம், போன நேரம். இப்போது பல இடங்களில் அந்த நோட்டு கைபேசிச் செயலி ஆகிவிட்டது. எதுவானாலும் அதில் இருப்பது உள்ளே போனவர்களின் பேர். கேட்டருகே நின்று எட்டிப்பார்த்துவிட்டு நகர்ந்தவனை எந்தக் காவலாளியும் குறிப்பதில்லை. ஃபயர்வால் நேர்மாறு. உள்ளே விட்டவர்களைப் பற்றி, கேட்டாலொழிய, ஒரு வரி எழுதாது. விரட்டியவர்களைப் பற்றி விடிய விடிய எழுதும். எழுதி எழுதித் தன் நினைவைத் தானே தேய்த்துக்கொள்ளும்.

குறிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி நிறுவனங்களும் தரவு மையங்களும் சேவை தருவோரும் 180 நாள் குறிப்புகளைக் காத்துவைக்கவேண்டும். ஒரு நாள் உள்ளே திருட்டு நடந்துவிட்டால் வழியைத் தேட அவை வேண்டும். வீட்டிலும் சில வரிகள் பொன் போன்றவை. 23ஆம் வாசலை வெளியிலிருந்து ஒருவன் தட்டினான் என்பதில் சேதி எதுவும் இல்லை. அதே 23ஐ நம் வீட்டுக்குள்ளிருந்து ஒன்று வெளியே போய்த் தட்டுகிறது என்றால் தூக்கிவாரிப் போடவேண்டும். 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாதவர்களின் தயவில், பிடித்துக்கொண்டது இப்படித்தான். பிடிபட்ட கேமரா உடனே அடுத்தவன் கதவைத் தட்டக் கிளம்பியது. எழுதினால் அந்த ஒரு வரியை எழுதவேண்டும். நண்பரின் வீட்டில் அப்படி ஒரு வரி இருந்திருந்தாலும், லட்சக்கணக்கான தடுத்தேன்களுக்கு நடுவில் யார் கண்ணில் பட்டிருக்கும்?

இதைப் பழைய ஆள் ஒருவர் சரியாக யோசித்திருந்தார். சுவிட்சர்லாந்தின் மானுவல் காஸ்பர் 2003இல் மோனோவால் என்ற ஃபயர்வாலைத் தொடங்கினார். பிஎஃப்சென்ஸ் 2004இல் அதிலிருந்து கிளைத்தது. பிஎஃப்சென்ஸிலிருந்து 2015இல் ஓபிஎன்சென்ஸ் கிளைத்தது. பாட்டனாரான மோனோவால் 16 எம்பி காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையில் அடங்கிவிடும். எழுந்ததும் தன்னை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். பின் அட்டையைத் தொடாது. குறிப்புகளும் நினைவகத்தில்தான், கரண்ட் போனால் அவையும் போச்சு. நிரந்தரமாக எழுதுவது அமைப்புகள் அடங்கிய அந்த ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை மட்டும், அதுவும் மனிதர் ஒருவர் ஏதாவது மாற்றும்போது மட்டும். பிஎஃப்சென்ஸிலும் அப்படி அட்டையைத் தொடாமல் ஓடும் ரகம் ஒன்று இருந்தது. 2017இல் வந்த 2.4 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். வட்டு மலிந்துவிட்டது, எழுதினால் என்ன என்ற காலம். நியாயந்தான், ஆனால் நினைவு மலிந்ததும் எதை நினைவில் வைப்பது என்ற கேள்வியையும் சேர்த்தே தூக்கிப்போட்டுவிட்டோம்.

தற்காலிகக் குறிப்புகளை நினைவகத்திலேயே வைக்கும் வசதி இன்றும் பிஎஃப்சென்ஸில் இருக்கிறது. அதை இயக்கினோம். வெளியிலிருந்து தட்டுபவர்களைக் குறிக்கவேண்டாம் என்றோம், உள்ளிருந்து வெளியே போய்த் தடுக்கப்படுபவற்றைக் குறி என்றோம். சுரிகாட்டாவின் வாயையும் பாதி அடைத்தோம். பிறகு, சும்மா இருக்கும் நேரத்தில், அந்தச் சில நூறு கேபியில் என்னதான் இருக்கிறது என்று ஒவ்வொரு விதியாகப் படித்தோம்.

ஒவ்வொரு விதிக்கும் அதை உண்டாக்கியது யார், எப்போது என்று பிஎஃப்சென்ஸ் தானே குறித்துவைத்துவிடும். விவரம் என்று ஒரு கட்டத்தை மட்டும் நமக்கு விட்டுவைக்கும். முக்கால்வாசி காலியாகவே இருந்தது. எங்கே, எப்போது, யார், எத்தனை என்று இயந்திரம் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதும், வட்டு கிழியும்வரை எழுதும். ஏன் என்பதை எழுத அதற்கு வராது. அதை எழுதக்கூடியவர்கள் நாம், எழுதுவதில்லை. மனிதர் நினைவும் அப்படித்தான். சொத்து பிரித்த நாளில் எந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்து என்ன சொன்னார் என்று முப்பது வருஷம் கழித்தும் வரி பிசகாமல் ஒப்பிக்கும் பெரியவர்கள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. வேண்டாம் என்று சொன்னவை, வேண்டாம் என்று சொல்லப்பட்டவை, எல்லாம் நாழிகை உட்பட இருக்கும். மனத்தை நைய அடிப்பது அந்தக் கணக்குதான். வாழ்ந்துகாட்ட அதில் ஒரு வரிகூட உதவியதில்லை. பேச்சு நின்றுபோனது ஏன் என்று கேட்டால் மட்டும் அவர்களே ஒரு கணம் தடுமாறுவார்கள். காரணம் நினைவிலிருந்தால் ஒருவேளை போய்ப் பேசியிருக்கலாம்.

காலிக் கட்டங்களில் ஒன்று எங்களை நிறுத்தியது. வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட வாசலில் வருவதை வீட்டுக்குள் 192.168.1.40க்கு அனுப்பு என்று ஒரு விதி. எழுதியவர் அட்மின், அதாவது நண்பரேதான். நேரம் இரவு பதினொன்றே முக்கால். ஏன் என்று அவருக்கு ஞாபகமில்லை. அந்த முகவரியில் இப்போது இருப்பது யார் என்று பார்த்தால், ஹாலில் இருக்கும் டிவி. உலகத்துக்கு டிவியின் கதவைத் திறந்துவைத்திருக்கிறார். அனுமதித்த வழி என்பதால், லட்சக்கணக்கான வரி கொண்ட அந்தக் குறிப்பேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். “ஏங்க, உங்க அக்கா பையன் இன்டர்ன்ஷிப்னு நம்ம வீட்ல ரெண்டு மாசம் இருந்தானில்ல? ராத்திரி கேம் கனெக்ட் ஆகலன்னு உங்களை எழுப்பினானே, அன்னிக்குச் செஞ்சதுதான்.”

நண்பர் சிரித்துக்கொண்டே விவரக் கட்டத்தில் பையன் பேரையும் விளையாட்டின் பேரையும் எழுதி, விதியை அணைத்தார். நீக்கிவிடலாமே என்றேன்.

“இருக்கட்டும். பொங்கலுக்கு வரேன்னிருக்கான்.”